வெறும் வயிறு

அந்த வார்டில் அவளுக்கு வைத்த பெயர் புதுசு. இன்னொரு ஊரில், இன்னொரு ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக ஒரு வார்டையே கட்டி மேய்த்தவள் அவள். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரெல்லாம் அவளோடு பஸ் ஏறி வரவில்லை போலிருக்கிறது. இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஆயாம்மா, "ஏ புதுசு, துவைச்ச பெட்ஷீட்டு எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஏன் இந்த ஊருக்கு வந்தாள் என்றால், கல்யாணம். மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. சொந்த வீடு இங்கே. கல்யாணம் என்று வந்தால் பெண்தான் பெட்டியைக் கட்டவேண்டும், வீடா எழுந்து நடந்து வரும்? தாலி ஏறின பிறகு வேலை தேடி அலைவதைவிட, முதலில் வேலை, பிறகு மாலை என்று அவளே கணக்குப் போட்டாள். தேதி குறித்ததும் பழைய இடத்து நிரந்தர வேலையை விட்டுவிட்டு இங்கே புரபேஷனில் சேர்ந்தாள். தங்குவதற்கு ஒரு அறையில் பாதி. மீதிப் பாதி ஆந்தைக்கு. ஆந்தை என்பது நைட் ட்யூட்டி மட்டுமே பார்க்கும் இன்னொரு நர்ஸ். கட்டில் ஒன்றுதான். ஒருத்தி எழுந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தி அதில் விழுவாள். இருவரும் நின்று நாலு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

இந்த மாதக் கடைசியில் புரபேஷன் முடிகிறது. இன்சார்ஜ் சிஸ்டர் சரி என்றால் வேலை நிரந்தரம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மேல்பேச்சு கிடையாது. பழைய வேலைக்குத் திரும்பவும் வழியில்லை, அங்கே அடுத்த வாரமே ஆள் போட்டாகிவிட்டது. வேலையும் போய், கையை வீசிக்கொண்டு ஒரு புது வீட்டுக்குள் மருமகளாகப் போய் நிற்பதா?

இது ஒரு பக்கம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு பக்கம். நல்ல மனிதர்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் நம்ம பொண்ணு இருக்கா என்று தெரிந்ததிலிருந்து அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதில் ஒரு தைரியம் வந்துவிட்டது. சித்தப்பாவுக்குப் பல்வலி, அவளுக்குப் போன். ஒன்றுவிட்ட அக்காவுக்கு முடி கொட்டுகிறது, அவளுக்குப் போன். பக்கத்து வீட்டுக்காரருக்கு டோக்கன் எடுத்துத் தரமுடியுமா என்று ஒரு போன். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். சரி என்பதற்கு ஒரு தலையாட்டல் போதும். முடியாது என்று சொல்லப்போனால் ஏன் முடியாது, எப்படி முடியாது, அப்படியென்ன முடியாது என்று நின்று பேசவேண்டும். அதற்குத் தெம்பு வேண்டும். அவளிடம் இருந்த தெம்பையெல்லாம் வார்டு வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் மாமாவுக்கு, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, குடலிறக்கம் என்று அவள் வார்டிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். வேறு ஆஸ்பத்திரியே இல்லையா என்று கேட்காதீர்கள். நம்ம பொண்ணு இங்கே இருக்கும்போது வேறு எங்கே போவார்கள்? மாமா பஸ் ஓட்டி ரிட்டயரானவர். கல்யாணத்தில் வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கவேண்டும், அதற்குள் ஆபரேஷனை முடித்துப் புண் ஆறிவிடவேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா, அத்தைதான், நாள் பார்த்து அடித்துப் பிடித்து ஏற்பாடு செய்தார். இந்த நாளை விட்டால் சர்ஜன் வெளியூர் போகிறார். திரும்பி வந்து செய்தால் கல்யாணத்தன்று மாமா கட்டிலில்தான் படுத்திருப்பார்.

இன்சார்ஜ் சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குட்டையான மனுஷி, ரகசியம்கூட வார்டு முழுக்கக் கேட்கிற குரல்.

"அந்த மூலைக் கட்டில் உன் வருங்கால மாமனாராமே."

"ஆமா சிஸ்டர்."

"இங்க மாமனாரும் கிடையாது, மச்சானும் கிடையாது. படுத்திருக்கிறவன் நோயாளி, நிக்கிறவன் இடைஞ்சல். அந்தக் கட்டிலை வேற ஆள் பாத்துக்கட்டும், நீ அந்தப் பக்கமே போகாதே. மாசக் கடைசியில நான் உன்னைப் பத்தி மேல சொல்லணும், ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் வைக்காமலா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆபரேஷன் அன்று காலை அந்தக் கட்டிலைப் பார்க்கவேண்டிய நர்ஸ் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஆகவே அவளுடைய கட்டில்களும் புதுசின் தலையில் விழுந்தன, மூலைக் கட்டில் உட்பட; இன்சார்ஜுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே மூன்றாவது பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்து அதிலும் அடித்தார்கள். ஒருவருக்கு டிரிப்ஸ் ஏறவில்லை. ஒருவர் படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டார். இன்னொருவர், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று ஜட்ஜ் மாதிரி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மூவரையும் ஒருவழியாகச் சமாளித்து நிமிர்ந்தபோது, அழுக்குத் துணி கொண்டுபோகும் பின்பக்கக் கதவுக்கு வெளியே, கண்ணாடியில் ஒரு முகம். அத்தை.

காலையில் வெளியாட்கள் யாருக்கும் அனுமதி இல்லை. சாயங்காலம்தான். அது அத்தைக்கும் தெரியும். அதனால்தான் முன்வாசலை விட்டுப் பின்வாசலுக்கு வந்திருக்கிறார்.

"ஒரே ஒரு நிமிஷம் கண்ணு. தியேட்டருக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி அவர் மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடறேன். ராத்திரியெல்லாம் தூங்கல நான்."

நானும்தான் அத்தை என்பது வாய்வரை வந்தது. சொல்லவில்லை. முடியாது என்று சொல்லவும் வந்தது. அதற்குள் உள்ளே யாரோ, "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். நின்று பேசி மறுக்க நேரமும் இல்லை, உடம்பில் சத்தும் இல்லை. கதவைத் திறந்துவிட்டாள்.

"சீக்கிரம் வந்துடுங்க அத்தை."

அத்தை உள்ளே போனார். புதுசு கூப்பிட்ட கட்டிலுக்குப் போனாள். அங்கிருந்து இன்னொரு கட்டிலுக்கு. அத்தையை மறந்தே போனாள், உண்மை.

மாமாவுக்கு ஆபரேஷன் அங்கி மாட்டுகிற நேரம் வந்தபோதுதான் மூலைக்குப் போனாள். அத்தை இன்னும் அங்கேயே, கட்டில் ஓரத்தில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு நிமிஷம் என்றால் அந்த வீட்டில் எவ்வளவு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திட்டலாம் என்றால் மாமா எதிரில் முடியவில்லை. அங்கியை மாட்டிவிட்டு, கையில் பெயர்ப்பட்டை கட்டக் குனிந்தாள். பால் வாசனை. பச்சைக் குழந்தையின் வாயிலிருந்து வருமே, அந்த வாசனை.

நிமிராமலே கேட்டாள். "மாமா, காலையில எதாவது சாப்பிட்டீங்களா?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை பையைப் பார்த்தார்.

"மாமா, உங்களைத்தான் கேக்கறேன்."

"வண்டி ஓட்டின காலத்துலயே வெறும் வயித்தோட நான் ஸ்டீயரிங் தொட்டதில்லம்மா," என்றார் மாமா, ஏதோ அதுதான் கேட்ட கேள்விக்குப் பதில் என்பது போல.

"ரெண்டு ரொட்டிதான் கண்ணு, பால்ல நனைச்சு," என்றார் அத்தை. "பசி தாங்காம கை நடுங்குது அவருக்கு. மனுஷனைப் பட்டினி போட்டு அறுக்கணும்னு எந்த ஊர்ல சட்டம்? நீதான் இருக்கியே, பாத்துப்பேன்னு நினைச்சேன்."

கட்டில் தலைமாட்டில் 'எதுவும் கொடுக்கக்கூடாது' என்று ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். அந்த அட்டை மற்றவர்களுக்கு என்று நினைத்துவிட்டார். நம்ம பொண்ணு இருக்கிற இடத்தில் நமக்கெதற்கு அட்டை?

வயிற்றில் ஏதாவது இருக்கும்போது மயக்கம் கொடுத்தால், அது மேலே ஏறி வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பழைய ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு அப்படி ஆகி அவள் பார்த்திருக்கிறாள். வெளியே நின்ற அவர் மகளிடம் யார் போய்ச் சொல்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் போய்ச் சொன்னது இவள்தான்.

"இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது அத்தை. நான் போய்ச் சொல்லணும்."

அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதே. நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியும்? இன்னைக்கு விட்டா டாக்டரு ஊருக்குப் போயிடுவாரு. கல்யாணம்? உன் கல்யாணம்டி அது."

"மாமா உயிர் அத்தை."

உயிர் என்ற சொல் கேட்டதும் அத்தையின் பிடி தளர்ந்தது. முகம் வெளுத்துவிட்டது. மாமா கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அத்தை மெதுவாக, "சரி, சொல்லு. ஆனா நான் வந்து கொடுத்தேன்னு சொல்லாதே. அவரே பையில வச்சிருந்து சாப்பிட்டுட்டாருன்னு சொல்லு. நான் வந்தேன்னு தெரிஞ்சா உன்னைத்தானே கேப்பாங்க? உனக்காகத்தான் சொல்றேன்," என்றார்.

யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான். ஆபரேஷனும் நிற்கும், மாமாவும் பிழைப்பார், வேலையும் தப்பும். மாமாவும் அத்தையின் பேச்சைத் தட்டியதில்லை, கேட்டால் ஆமாம் என்பார். புதுசு நர்ஸ் ஸ்டேஷனுக்கு நடந்த அந்தக் கொஞ்ச தூரமும் அந்தப் பொய்யை வாயில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

இன்சார்ஜ் சிஸ்டர் போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். வைக்கும்வரை நின்றாள்.

"சிஸ்டர், மூலைக் கட்டில் சாப்பிட்டிருக்காரு. பாலும் ரொட்டியும்."

இன்சார்ஜ் ஒன்றும் கேட்கவில்லை. உடனே தியேட்டருக்குப் போன் போட்டார், மயக்க டாக்டரிடம் சொன்னார், அடுத்த நோயாளியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பினார்.

"எப்படி?"

இதோ, சொல்லவேண்டிய இடம். பையில வச்சிருந்தாராம் சிஸ்டர். மூன்றே சொல். ஆனால் ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலாக இன்னும் நாலு பொய் நிறுத்தவேண்டும். அத்தை சொல்வதும் மாமா சொல்வதும் ஒத்துப்போகவேண்டும். பின்பக்கக் கதவை ஆயாம்மா பார்த்தாளா என்று தினமும் அவள் முகத்தைப் படிக்கவேண்டும். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன பிறகும், அன்னைக்கு உன்னைக் காப்பாத்தினேனே என்று அத்தை சொல்லும்போதெல்லாம் தலையாட்டவேண்டும். நினைக்கவே களைப்பாக இருந்தது. இவள் ஒன்றும் சத்தியம் தவறாதவள் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். அன்றைக்கு அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"நான்தான் சிஸ்டர். பின்பக்கக் கதவைத் திறந்து அத்தையை உள்ள விட்டேன். அவங்க கொடுத்துட்டாங்க."

இன்சார்ஜ் முதல் தடவையாக அந்த வார்டில் யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"யாரோ சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டிருந்தா இன்னைக்கே உன்னை வெளிய அனுப்பியிருப்பேன். நீயா சொன்னதால இன்னும் மூணு மாசம் பாக்கறேன். அதுவரைக்கும் நீ புரபேஷன்தான். கல்யாணத்துக்குக் கேட்ட லீவு கிடையாது. வேணும்னா அந்த ஒரு நாளைக்கு உன் வார லீவை மாத்தித் தரேன். இதுல நீ சந்தோஷப்பட ஒண்ணுமில்ல. போ, அந்த டிரிப்ஸ் முடியப்போகுது."

முடியப்போகிற டிரிப்ஸை மாற்றினாள். அத்தை எப்போது போனார் என்று அவள் பார்க்கவில்லை. மாமாவுக்கு மதியச் சாப்பாடு வந்தது. இப்போதுதான் சாப்பிடலாமே, ஆனால் அவர் தொடவில்லை. தட்டை எடுக்க வந்தவளிடம், "பசியில்லம்மா," என்றார்.

ட்யூட்டி முடிகிற நேரத்தில் மாப்பிள்ளை போன் செய்தான். பக்கத்து ஊரில் புதுக் கட்டிடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்தவன், அங்கிருந்தே பேசினான். பின்னால் இரும்பை அறுக்கும் சத்தம்.

"அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க, சிஸ்டர் அவங்களைக் கூப்பிட்டுத் திட்டினது வரைக்கும். கல்யாணத்தைத் தள்ளித்தான் வைக்கணும்கறாங்க. அப்பா படுத்திருக்கும்போது எப்படி? மண்டபத்துக்காரங்ககிட்டப் பேசிட்டு இருக்கேன், ரெண்டு மூணு மாசமாவது ஆகும் போல. கேக்கறேனேன்னு நினைக்காதே. அம்மாவை மாட்டிவிடாம சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"முடியலங்க."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் நின்றது. "கல்யாணம் தள்ளிப்போகுதே, உனக்குக் கஷ்டமா இல்லையா?"

கஷ்டமாக இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் தள்ளிவைக்கணும் என்று அவன் சொன்ன உடனே அவளுக்குள் முதலில் வந்தது நிம்மதி. மூன்று மாதம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதுசாக இருந்தால் போதும், ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் வேண்டாம் என்ற நிம்மதி. கட்டிக்கொள்ளப்போகிறவனிடம் இதை எப்படிச் சொல்வது? அவன் மேல் ஆசை இல்லாமல் இல்லை. அவனுக்காகத்தானே ஊரையே விட்டு வந்தாள். ஆசை அது பாட்டுக்கு இருந்தது, உடம்புதான் உட்கார்ந்துவிட்டது.

"தூக்கம் வருதுங்க," என்றாள்.

அவன் சிரித்துவிட்டான், பாவம். "சரி, தூங்கு. அப்புறம் பேசலாம்," என்று வைத்தான்.

உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், ஆஸ்பத்திரி வாசலில் சிமெண்ட் பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பை. சாயங்கால அனுமதி நேரத்துக்கு மற்றவர்களோடு காத்திருக்கிறார் போல. புதுசு அப்படியே பின்வாங்கி வேறு வழியாகப் போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அத்தை பார்த்துவிட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்தாள்.

அத்தைக்கு அழுது முடித்த முகம்.

"அவரைக் கொன்னிருப்பேன்ல?" என்றார்.

புதுசு அத்தையின் மடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"உன்னைப் பத்தி என்ன சொன்னாங்க உள்ள?"

"இன்னும் மூணு மாசம் புரபேஷன். லீவு கிடையாது."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"நீ என்னை உள்ள விட்டிருக்கக்கூடாது."

கேட்டதும் புதுசுக்குத் திக்கென்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி உள்ளே வந்தவரே இப்படிச் சொன்னால்?

"நீங்கதானே அத்தை கேட்டீங்க."

"நான் கேப்பேன். எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவ நீ. நான் கேட்டா விட்டுடறதா? முடியாதுன்னு கதவைச் சாத்தியிருக்கணும்."

"சாத்தியிருந்தா கோவிச்சிருப்பீங்க."

"கோவிச்சிருப்பேன்தான். நாலு பேர்கிட்டச் சொல்லியும் இருப்பேன், மருமகளா வர்றதுக்கு முன்னாடியே என்னை வாசல்ல நிறுத்திட்டான்னு. அதுக்கென்ன இப்போ? கோவிச்சா கோவிச்சுட்டுப் போறேன். என் கோவத்தைப் பாத்தா நீ வேலை செய்யறே?"

இப்படி ஒரு வார்த்தையை இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவளிடம் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் சோம்பலாக இருந்தது. விட்டுவிட்டாள். அத்தை முந்தானையை எடுத்துத் தானே துடைத்துவிட்டார். தலையைக்கூடத் தடவினார்.

பிறகு அத்தை பெருமூச்சு விட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இவரை எப்படியும் நாளைக்குத்தான் வீட்டுக்கு விடுவாங்களாம். நான் வீட்டுக்குப் போய் ரெண்டு வேலை பாக்கணும், சித்தப்பா வேற பல்லைக் காட்டணும்னு உக்காந்திருக்காரு. அனுமதி நேரம் முழுக்க நீ இவர்கூட இருந்து சாப்பிட வச்சுட்டு, அப்படியே வீட்டுக்கு வந்து சித்தப்பாவைப் பாத்துட்டுப் போயிடு கண்ணு. ஒரே ஒரு நிமிஷம்தான்."

புதுசு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை, சோதனையும் இல்லை. மனப்பூர்வமாகத்தான் கேட்கிறார்.

"இல்ல அத்தை," என்றாள். "நான் தூங்கப்போறேன்."

"என்னது?"

"முடியாது அத்தை. மாமா தானே சாப்பிடுவாரு. சித்தப்பாவைப் பல் டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க. நான் போய்த் தூங்கணும்."

அத்தையின் முகம் சுருங்கியது. உதட்டை இறுக்கிக்கொண்டார். பையின் வாரைச் சரிசெய்தார், தேவையில்லாமல் இன்னொரு தடவை சரிசெய்தார். "அப்படியா, நல்லது, பெரிய வேலைக்காரி நீ, தூங்கு," என்று சொல்லிவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தார். சொன்ன சொல் தவறாமல் கோவித்துக்கொண்டார்.

வழக்கமாக என்றால் புதுசு பின்னாலேயே ஓடியிருப்பாள். அத்தை, நில்லுங்க, நானே பாத்துக்கறேன் என்றிருப்பாள். இப்போதும் அந்தக் கோபம் அவளைச் சுட்டது, சுடாமல் இல்லை. நாளைக்கு மாப்பிள்ளை போன் செய்வான், ஒன்றுவிட்ட அக்கா போன் செய்வாள், எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கும். அத்தை தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், கூப்பிடுகிறாளா என்று. புதுசு கூப்பிடவில்லை. எழுந்து, அறைக்குப் போகிற பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.